கிக்பொக்ஸிங் பழகுவதா, விடுவதா? வன்னியில் இருந்து முடிவெடுப்பவர்களுக்கு

"யாரை அடிக்கப் போகிறாய் பிள்ளை?"

முப்பத்தைந்து வயதில் கிக்பொக்ஸிங் வகுப்புக்குப் போகப்போகிறேன் என்றபோது அம்மா கேட்ட ஒரே கேள்வி இதுதான். உடம்பு கூடிவிட்டது, முழங்கால் பிடிக்கிறது என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். மருமகனைச் சேர்த்துவிடப் போய், ஒரு பிளாஸ்டிக் கதிரையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்து, மூன்றாம் நாள் நானும் பெயர் கொடுத்தவள். மருமகன் ஆறு கிழமையில் உதைபந்தாட்டத்துக்குப் போய்விட்டான். எனக்கு இது நான்காவது ஆண்டு.

முல்லைத்தீவு மாவட்டத்து இளம்பெண் ஒருவர் 2022இல் பாகிஸ்தானில் தங்கப் பதக்கம் வென்று வந்த பிறகு, எங்கள் பக்கத்தில் கேட்பவர்களின் தொகை கூடிவிட்டது. தருமபுரத்திலிருந்து ஒரு தாய், மல்லாவியிலிருந்து ஓர் ஆசிரியர், பக்கத்து வீட்டு உயர்தர மாணவி. எல்லோருக்கும் ஒரே கேள்வி: "எனக்கு இது சரிவருமா?"

இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் ஒளிந்திருக்கின்றன. உடம்பு, தூரம், நேரம், காசு, பழக்குபவர் எல்லாம் தொடங்குமுன்பே விசாரித்து அறியக்கூடியவை. சோடியாகப் பழகும் கூட்டாளியின் கால் வயிற்றில் படும்போது நான் எப்படிப்பட்டவள் என்பது பட்டால்தான் தெரியும். பெரும்பாலோர் முதலாவதை விசாரிக்காமல், இரண்டாவதை வீட்டிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். கீழே உள்ள படிகள் அந்த வரிசையைத் திருத்துவதற்கு.

படி 1: அம்மாவின் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளில் ஒரே வரி. ஏன்?

"உடம்பு குறைய வேண்டும்" என்றால், கிக்பொக்ஸிங் வியர்க்க வைக்கும், மூச்சைக் கூட்டும். ஆனால் வகுப்பு முடிந்து வந்து இரண்டு நீத்துப் பெட்டிப் புட்டைச் சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். நான் அனுபவசாலி. உடம்பு குறைவது மட்டுமே நோக்கமென்றால் இரணைமடுக் குளக்கட்டில் காலையில் வேகமாக நடப்பது மலிவு, அடியும் இல்லை.

"தற்காப்புக்கு" என்றால் பாதி உண்மை. தூரத்தை அளக்கவும், பதறாமல் நிற்கவும், ஒரு தள்ளுதையால் ஆளை அப்புறப்படுத்தவும் பழகுவீர்கள். ஆனால் நெரிசலான பஸ்ஸில் உரசுபவனுக்கும் பின்னாலிருந்து பிடிப்பவனுக்கும் எதிரான பாடம் இதில் இல்லை. நிலத்தில் விழுந்து கட்டிப்பிடித்துப் போராடுவதும் இல்லை. உரத்துச் சத்தமிடுவதும் ஓடுவதும் இன்றும் முதல் தற்காப்புகள். கிக்பொக்ஸிங் ஓடுவதற்கு மூச்சைத் தரும்.

"மேடையேறிப் போட்டியிட வேண்டும்" என்பது நேர்மையான காரணம். அவர்களுக்கு முடிவெடுப்பதும் சுலபம்.

"கோபம் வருகிறது, அதை எங்கேயாவது கொட்ட வேண்டும்" என்று எழுதியிருந்தால், தயவுசெய்து மாஸ்டரிடம் அதைச் சொல்லிவிட்டுச் சேருங்கள். பையை உதைத்தால் அன்றைய கோபம் களைத்துப் போகும் என்பது உண்மை. ஆனால் கோபத்தோடு கூட்டாளி முன் நிற்பவரோடு யாரும் பழக விரும்பமாட்டார்கள். கூட்டாளி இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை.

படி 2: எந்தக் கிக்பொக்ஸிங் என்று கேளுங்கள்

ஒரே பெயரில் ஐந்தாறு விளையாட்டுகள் உலாவுகின்றன. 1960களில் ஜப்பானில் கராத்தேயையும் தாய்லாந்தின் முய் தாயையும் மேலைக் குத்துச்சண்டையையும் கலந்து பிறந்தது ஒரு கிளை. 1970களில் அமெரிக்கக் கராத்தேக்காரர்கள் உண்மையாகவே அடித்துப் பார்க்க விரும்பியதில் வளர்ந்தது இன்னொன்று. அமெச்சூர் போட்டிகளை நடத்தும் உலகச் சங்கமான வாக்கோ 1976இல் தொடங்கப்பட்டது. 2021இல் சர்வதேச ஒலிம்பிக் குழு அதற்கு முழு அங்கீகாரம் கொடுத்தது. ஆனால் கிக்பொக்ஸிங் இன்னும் ஒலிம்பிக் போட்டி நிரலில் இல்லை. "ஒலிம்பிக்குக்கு அனுப்புவோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடலாம்.

முடிவெடுப்பவருக்குத் தேவையானது இதுதான். விரிப்பில் நடக்கும் வகைகள் உண்டு: ஒரு புள்ளி விழுந்ததும் நிறுத்திப் பிரிக்கும் பொயின்ற் ஃபைட், நிறுத்தாமல் ஆனால் அளவோடு தொடும் லைட் கொன்ராக்ட், அதோடு தொடை உதையும் சேர்ந்த கிக் லைட். கயிறு கட்டிய மேடையில் நடப்பவை வேறு: இடுப்புக்கு மேலே மட்டும் முழுப் பலத்தோடு உதைக்கும் ஃபுல் கொன்ராக்ட், தொடையிலும் உதைக்கும் லோ கிக், முழங்காலாலும் தாக்கும் கே-1. மேடை வகைகளில் ஒரு சுற்று இரண்டு நிமிடம், மூன்று சுற்று, இடையில் ஒரு நிமிட ஓய்வு. முழங்கை அடி இவை எதிலும் இல்லை. அது முய் தாய்க்கு உரியது.

முப்பது தாண்டியவர்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் விரிப்பு வகைகள் போதும் என்பது என் எண்ணம். மேடையை ஒருபோதும் தொடாமலே ஆண்டுக்கணக்காகப் பழகலாம். நான் அப்படித்தான்.

படி 3: உடம்பை விசாரியுங்கள்

மற்ற ஊர்க்காரர்கள் இந்தப் படியை நாலு வரியில் முடிப்பார்கள். எங்களுக்கு அது முடியாது. வன்னியில் நாற்பது வயதுக்காரர் பலரின் உடம்பில் போர்க்காலத்து எறிகணைச் செல் துண்டு இன்னும் இருக்கிறது. சிலருக்கு எங்கே இருக்கிறதென்று தெரியும். சிலர் மறந்தே போய்விட்டார்கள். தசையில் ஆழமாகக் கிடந்து பல ஆண்டுகளாகத் தொல்லை தராத துண்டு ஒரு கதை. மண்டையோட்டுக்கு அருகிலோ கண்ணிலோ முள்ளந்தண்டிலோ கழுத்து நரம்போரத்திலோ இருப்பது வேறு கதை. இரண்டாவது வகை என்றால், எக்ஸ்ரே படத்துடன் வைத்தியரிடம் போய், "தலையிலும் உடம்பிலும் அடி படக்கூடிய விளையாட்டு" என்று தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். "உடற்பயிற்சி செய்யலாமா?" என்று மட்டும் கேட்டால் "செய்யலாம்" என்றுதான் பதில் வரும். (இதைப் படிக்கும் நேரத்திலேயே ஒன்று: உடம்பில் உலோகத் துண்டு இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.)

வலிப்பு, இதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம், இரத்தம் உறையாமல் இருக்கக் குடிக்கும் மருந்து, அதிகக் கிட்டப்பார்வை, கர்ப்பம் இவற்றில் ஏதும் இருந்தால் அடி படும் பயிற்சி வேண்டாம். வைத்தியர் வேறு விதமாகச் சொன்னால் மட்டுமே மாற்றி யோசிக்கலாம். கிட்டப்பார்வை ஏன் என்று கேட்பார்கள்: அத்தகைய கண்ணில் விழித்திரை இலகுவில் விலகும், முகத்தில் ஓர் அடி போதும். நீரிழிவு இருப்பவர்கள் பாதத்தை நாள்தோறும் பார்க்க வேண்டும். வெறுங்காலில் ஆடும் விளையாட்டில் விரலிடுக்குக் காயம் தெரியாமலே பெரிதாகும்.

இன்னொன்று, எந்த மருத்துவப் படிவத்திலும் இராது. தகரக் கூரை போட்ட மண்டபத்தில் ஒருவர் பாட் எனும் உதை தாங்கும் மெத்தையில் ஓங்கி உதைத்தால் வெடிச் சத்தம்போல் கேட்கும். என்னோடு சேர்ந்த ஓர் அண்ணா முதல் நாள் அந்தச் சத்தத்துக்குச் சுவரோரம் குந்திவிட்டார். பிறகு எழுந்து சிரித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. அப்படி ஆகும் என்று தோன்றினால், முதலில் வெளியே வாசலில் நின்று கேளுங்கள், பிறகு உள்ளே போங்கள். சத்தம் எங்கிருந்து வருகிறதென்று கண்ணால் பார்த்துவிட்டால் பலருக்கு அது வெறும் தோல் சத்தமாகிவிடும். ஆகாவிட்டால் விட்டுவிடலாம், அதில் குறைச்சல் ஒன்றுமில்லை. அந்த அண்ணா இப்போது சைக்கிள் ஓடுகிறார்.

பிள்ளைகளைப் பற்றி ஒரு வரி: வளரும் வயதில் தலையில் அடி படும் பயிற்சி வேண்டாம். பாட் மெத்தையை உதைக்கட்டும், விரிப்பில் உருளட்டும். "பதினொரு வயதிலேயே மேடையேற்றினேன்" என்று பெருமை பேசும் இடத்தில் என் மருமகனை விடமாட்டேன்.

படி 4: கடைசி பஸ்ஸும் காலபோகமும்

ஊக்கம் குறைந்து நின்றவர்களைவிட பஸ் இல்லாமல் நின்றவர்கள் அதிகம். வகுப்பு ஐந்தரைக்கு முடிகிறது என்றால் ஆறரைக்குத்தான் உண்மையில் முடியும். ஏ9 வீதியோரம் இருப்பவர்களுக்குப் பரவாயில்லை. உள்ளே, அக்கராயன் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ போக வேண்டியவர்கள் கடைசி பஸ் நேரத்தை முதலில் எழுதி, அதிலிருந்து பின்னோக்கி வகுப்பு நேரத்தைக் கணக்கிடுங்கள். இருட்டிய பின் யானை இறங்கும் வீதி என்றால் மோட்டார் சைக்கிள் இருக்கிறது என்ற தைரியமும் வேண்டாம்.

ஆண்டுக் கணக்கும் உண்டு. காலபோகம் என்பது மாரிமழையை நம்பிய நெற்செய்கை: ஒக்டோபரில் மழை தொடங்கினால் விதைப்பு, பெப்ரவரி, மார்ச்சில் அறுவடை. வயல் உள்ளவர்கள் அந்த மாதங்களில் தொடங்கி, மூன்றாம் கிழமையில் நின்று, "எனக்கு இது வராது" என்று முடிவுகட்டுவதைப் பார்த்திருக்கிறேன். வராதது கிக்பொக்ஸிங் அல்ல, நேரம். அறுவடை முடிந்து தொடங்குங்கள். ஆனால் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் பின்னேர வெயில் மண்டபத்துக்குள்ளும் நிற்கும்; மூன்று மணிக்கு வகுப்பு என்றால் உப்புப் போட்ட மோர் ஒரு போத்தல் கையில் இருக்கட்டும்.

படி 5: ஒரு முழு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள்

முடிவில் பாதி இந்தக் கதிரையில் கிடைக்கும். "வந்து பார்க்கலாமா?" என்று கேட்டாலே முகம் சுளிப்பவரிடம் மேலே கேட்க ஒன்றுமில்லை. எங்கே வகுப்பு நடக்கிறதென்று தெரியாவிட்டால் பிரதேச செயலகத்தின் விளையாட்டு உத்தியோகத்தரிடம் கேட்கலாம். பழக்குபவர் எந்தச் சங்கத்தில் பதிந்தவர் என்பதையும் அங்கேயே விசாரியுங்கள்.

மாஸ்டரின் உதையைப் பார்க்காதீர்கள். அழகாக உதைப்பவர்கள் எல்லோருக்கும் பழக்கத் தெரியாது. புதிதாக வந்த பிள்ளையை யாரோடு சோடி சேர்க்கிறார் என்று பாருங்கள். நல்ல மாஸ்டர் புதியவரை மிகப் பழையவரோடு விடுவார், ஏனென்றால் பழையவருக்குக் காலை நிறுத்தத் தெரியும். இரண்டு புதியவர்களை எதிரெதிரே விட்டுக் கைதட்டுபவர் வேடிக்கை காட்டுபவர். அடுத்து, யாருக்காவது முகத்தில் பட்டுவிட்டால் மாஸ்டர் என்ன செய்கிறார்? நிறுத்தி, கண்ணைப் பார்த்து, பெயர் கேட்டு, உட்கார வைக்கிறாரா? அல்லது "ஒன்றுமில்லை, எழும்பு" என்கிறாரா? இந்த ஒரு காட்சி கிடைத்துவிட்டால் மற்றவற்றை விசாரிக்கவே தேவையில்லை.

பெண் பிள்ளைகளை அனுப்புபவர்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை: உடை மாற்றத் தனியிடம், வகுப்பில் இன்னும் பெண்கள், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்ற ஏற்பாடு. கால் நிலையைத் திருத்தத் தொட வேண்டியிருந்தால் கேட்டுவிட்டுத் தொடுகிறாரா என்பதும். இதைக் கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கேட்டதற்குக் கோபிப்பவர் வேண்டாம்.

முதல் கிழமையே மோதவிடுவது, தரம் உயர்த்தும் இடுப்புப் பட்டிச் சோதனைக்கு மாதத்துக்கு மாதம் காசு, எடை குறைக்கப் பிள்ளைகளைத் தண்ணீர் குடிக்க விடாமல் வைப்பது: இந்த மூன்றில் ஒன்றைக் கண்டாலும் செருப்பைத் தேடுங்கள்.

படி 6: நான்கு கிழமை வீட்டில்

காசு கட்டுமுன் உங்களையே ஒரு மாதம் சோதியுங்கள். கிழமைக்கு மூன்று நாள். கயிறடிப்பு, குந்தி எழும்புதல், பிறகு இரண்டு நிமிடம் வெறுங்காற்றில் குத்தும் உதையும், ஒரு நிமிடம் ஓய்வு. இப்படி மூன்று சுற்று. இரண்டு நிமிடம் எவ்வளவு நீளம் என்பது அப்போதுதான் விளங்கும். நான்காம் கிழமையிலும் மூன்று நாளும் செய்கிறீர்களென்றால் வகுப்புக்கும் போவீர்கள்.

பக்கவாட்டில் சுற்றி உதைக்கும் ரவுண்ட் கிக்கைத் தனியே பழகுபவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். உதைக்கும் காலை எல்லோரும் பார்க்கிறார்கள். முழங்காலைக் கெடுப்பது நிற்கும் கால். உதை சுற்றும்போது நிற்கும் காலின் குதி சற்று எழும்பி, முன்பாதத்தில் திரும்பி, எதிராளியைப் பார்க்க வேண்டும். பாதம் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு இடுப்பு மட்டும் சுழன்றால் முறுக்கு முழுவதும் முழங்காலில் இறங்கும். கிறவல் முற்றத்தில் வெறுங்காலில் பாதம் திரும்பாது. அழுத்தமான சீமெந்துத் தரையிலோ விரிப்பிலோ பழகுங்கள்.

பை தொங்கவிட ஆசை வரும். எனக்கும் வந்தது. ஓர் உரப்பையில் மணலை நிரப்பித் தொங்கவிட்டேன். மணல் இரண்டே நாளில் அடியில் இறங்கிக் கல்லாகிவிட்டது. மூன்றாம் நாள் மணிக்கட்டு மடிந்தது. முறிவு நெரிவு வைத்தியர் எண்ணெய் தடவிக்கொண்டே "எந்த மாடு தட்டியது?" என்று கேட்டார். உண்மையைச் சொல்ல வெட்கப்பட்டு, அயல்வீட்டுச் சிவப்பி மேல் பழியைப் போட்டேன். பைக்குள் பழந்துணிதான் போட வேண்டும், சிறிது சிறிதாக, அமுக்கி அமுக்கி. வேம்பிலோ புளியிலோ கட்டுங்கள். முருங்கையில் கட்டினால் பையோடு கொப்பும் வரும்.

படி 7: எதை முதலில் வாங்குவது

கைக்கட்டுத் துணியும் பற்காப்பும். இவை இரண்டும் இரவல் வாங்கக் கூடாதவை. பற்காப்பைச் சுடுநீரில் இளக்கி, கடித்து, உங்கள் பல்லுக்கு ஏற்ப அச்செடுக்க வேண்டும். கையுறையைச் சில கிழமைகள் வகுப்பில் இரவல் போடலாம். சொந்தமாக வாங்கும்போது 10 அவுன்ஸ் வேண்டாம், அது போட்டிக்கு. சோடிப் பயிற்சிக்கு 14 அல்லது 16 அவுன்ஸ். தடிப்பான கையுறை உங்களைவிட உங்கள் கூட்டாளியின் மூக்குக்கு நல்லது. முழங்காற்கீழ்க் காப்பும் ஆண்களுக்குக் கவட்டுக் காப்பும் சோடிப் பயிற்சி தொடங்குமுன் வர வேண்டும்.

கைக்கட்டை ஒழுங்காகக் கட்டப் பழகுவதற்கே ஒரு கிழமை கொடுங்கள். துணி நாலரை மீற்றர். நுனிக் கண்ணியைப் பெருவிரலில் மாட்டி, புறங்கைப் பக்கமாகக் கொண்டுவந்து மணிக்கட்டை மூன்று சுற்று. பிறகு விரல்களை அகல விரித்தபடி முட்டிகளை மூன்று சுற்று. அடுத்து மணிக்கட்டிலிருந்து ஏறி ஒவ்வொரு விரலிடுக்காக மூன்று இடுக்கு, ஒவ்வொரு முறையும் மணிக்கட்டுக்குத் திரும்பி. பெருவிரலுக்கு ஒரு சுற்று, மிச்சம் மணிக்கட்டில். கையை விரித்தால் தளர்வாகவும் பொத்தினால் இறுக்கமாகவும் இருக்க வேண்டும். விரல் நுனி நீலம் பாய்ந்தால் அவிழ்த்துத் திரும்பக் கட்டுங்கள்.

படி 8: முதல் அடி

இங்கேதான் இரண்டாவது கேள்விக்கு வருகிறோம். மூன்றாம், நான்காம் கிழமையில் மாஸ்டர் உங்களை ஒருவர் முன்னால் நிறுத்துவார். மெதுவாகத்தான். என் முன்னால் நின்றவள் பதினெட்டு வயதுப் பிள்ளை. வயிற்றுக்கு ஒரு தள்ளுதை. பலமே இல்லை. ஆனால் மூச்சு ஒரு கணம் வெளியே போய்த் திரும்பி வரவில்லை. கண்ணில் நீர் முட்டியது. நோவால் அல்ல. எதனாலென்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. "அக்கா, நோகிறதா?" என்று கையுறையோடு என் தோளைத் தொட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். பிறகு என் முறை. என் கால் எழும்பவே இல்லை. அடி வாங்குவதைவிட, ஒரு பிள்ளையை உதைப்பது எனக்குக் கடினமாக இருந்தது.

உங்களுக்கு வேறு ஏதாவது நடக்கலாம். சிரிப்பு வரும், சிலருக்கு ஆத்திரம் வரும், சிலர் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஒன்றும் தவறில்லை, முதல் நாள் நடந்ததை வைத்து முடிவெடுக்கவும் வேண்டாம். நான்கு தடவை சோடிப் பயிற்சி செய்த பிறகு பாருங்கள். அடி பட்டதும் முறைப்பாடு இல்லாமல் அடுத்ததைப் பார்க்க முடிகிறதா? கூட்டாளி தடுமாறினால் காலை நிறுத்துகிறீர்களா? வகுப்புக்கு முந்திய இரவு நித்திரை வருகிறதா? கடைசிக் கேள்வியைச் சின்னதாக எண்ண வேண்டாம். பயம் சிறிது சிறிதாகக் குறைந்தால் தொடரலாம். கிழமைக்குக் கிழமை கூடினால், உங்கள் உடம்பு உங்களிடம் ஏதோ சொல்கிறது.

தலை விடயத்தில் மட்டும் துணிச்சல் பேச்சே கூடாது. தலையில் பட்ட பின் தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், மங்கல் பார்வை, கேட்டதையே திரும்பக் கேட்பது இவற்றில் ஒன்று வந்தாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. "இப்போது சரியாகிவிட்டது" என்றாலும் திரும்ப உள்ளே போகக் கூடாது. அன்றிரவு தனியே இருக்க வேண்டாம், மோட்டார் சைக்கிள் ஓட்ட வேண்டாம். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலையிடி, எழுப்ப முடியாத தூக்கம், வலிப்பு, கைகால் பலவீனம் என்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். ஒன்றிரண்டு நாள் ஓய்வுக்குப் பின் நடை, பிறகு தனிப் பயிற்சி, வைத்தியர் சம்மதித்த பிறகே சோடி. முதல் அதிர்ச்சி ஆறுமுன் இரண்டாவது அடி படுவதுதான், அதிலும் இளவயதினருக்கு, மிகவும் ஆபத்தானது.

படி 9: பன்னிரண்டாவது வகுப்புக்குப் பிறகு

முதல் நாள் எழுதிய கொப்பித் தாளை எடுங்கள். அந்த ஒரு வரி இப்போதும் அதேதானா? என்னுடையதில் "உடம்பு குறைய" என்று இருந்தது. உடம்பு இரண்டு கிலோ குறைந்தது, முறிகண்டிக் கச்சான் கடலையில் ஒரு கிலோ திரும்பி வந்தது. ஆனால் நான் விடாமல் தொடர்ந்தது வேறு காரணத்துக்காக: கிழமைக்கு மூன்று பின்னேரம் யாருக்கும் மகளாகவோ அன்ரியாகவோ இல்லாமல் நிற்க ஓரிடம் கிடைத்தது. அதை முதல் நாள் எழுதியிருக்க முடியாது.

தொடர்வதென்றால் ஒரு காலபோகம் வரையென்று நாள் குறித்துத் தொடருங்கள். விடுவதென்றால் வராமல் நின்று போய்விடாதீர்கள். மாஸ்டரிடம் நேரில் சொல்லுங்கள். உங்களுக்காக ஒரு கூட்டாளியைக் கணக்கில் வைத்திருப்பார். இரவல் வாங்கிய கையுறையை வெயிலில் வாய் திறந்து ஒரு நாள் காயவைத்து, பிறகு கொடுங்கள். அடுத்து அதற்குள் கையை நுழைக்கப் போகிறவருக்கும் மூக்கு இருக்கிறது.